சொகுசு செடானைக் கொடுத்துவிட்டு கேம்ரி ஹைப்ரிட்: கட்டுப்படியாகுமா?

பிஎம்டபிள்யூ 5 சீரிஸ், மெர்சிடீஸ் இ-கிளாஸ், ஆடி ஏ6. இந்த மூன்றில் ஒன்றை வைத்திருந்து, வாரன்ட்டியும் முடிந்து சில வருடம் ஆகிவிட்டால், பெட்ரோல் போடும்போதெல்லாம் அந்த யோசனை வரத்தான் செய்யும்: இதைத் தள்ளிவிட்டு மைலேஜ் கொடுக்கிற வண்டிக்கு மாறிவிடலாமா? மாறுபவர்கள் முதலில் எட்டிப்பார்ப்பது டொயோட்டா கேம்ரி ஹைப்ரிட்டை. பெட்ரோல் எஞ்சினும் எலெக்ட்ரிக் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் வண்டி இது. அளவில் பெரிய செடான், ஓட்டுச் செலவில் சின்ன கார். 2018 முதல் 2024 வரை வந்த மாடலைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறோம். செகண்ட் ஹேண்டில் அதிகம் கிடைப்பதும் அதுதான்.

காரைப் பற்றிச் சொல்வதற்கு முன் எங்கள் முடிவைச் சொல்லிவிடுகிறோம். மைலேஜை மட்டும் நம்பி மாறினால் பெரும்பாலானவர்களுக்குக் கட்டுப்படியாகாது. பழைய வண்டிக்கு அடுத்த 30,000 கிலோமீட்டருக்குள் பெரிய வேலை எதுவும் காத்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. காத்திருந்தால் மாறலாம். இல்லையென்றால் அந்தப் பணத்துக்கு இருக்கிற வண்டியிலேயே பல வருடம் பெட்ரோல் போட்டு ஓட்டலாம்.

கணக்கை லிட்டரில் போடுங்கள்

லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கு ஆளை ஏமாற்றும். 8 கொடுக்கும் வண்டியிலிருந்து 12 கொடுக்கும் வண்டிக்கு மாறினால் 10,000 கிலோமீட்டருக்கு 417 லிட்டர் மிச்சம். 12-லிருந்து 20-க்கு மாறினால் எண் இன்னும் பெரிதாகத் தாவுகிறது, மிச்சமோ 333 லிட்டர்தான். 20-லிருந்து 25-க்குப் போனால் வெறும் 100 லிட்டர். ஆகவே வருடத்துக்கு எத்தனை லிட்டர் குறையும் என்று மட்டும் பாருங்கள். விளம்பரத்தில் இருக்கும் மைலேஜ் எண்ணை மறந்துவிடுங்கள்.

அடுத்தது, நீங்கள் எங்கே ஓட்டுகிறீர்கள் என்பது. இரண்டு லிட்டர் டர்போ பெட்ரோல் சொகுசு செடான் நகர நெரிசலில் 8 கொடுக்கும். அதே வண்டி நெடுஞ்சாலையில் சீராக ஓடினால் 14 வரை வரும். கேம்ரி ஹைப்ரிட்டில் இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒரே எண்தான், நகரத்தில் 20, நெடுஞ்சாலையில் 19 என்று வைத்துக்கொள்ளலாம். வருடத்துக்கு 15,000 கிலோமீட்டர் நகரத்திலேயே ஓட்டுபவருக்கு 1,875 லிட்டர் 750 ஆகக் குறையும். 1,125 லிட்டர் மிச்சம். அதே 15,000 கிலோமீட்டரை நெடுஞ்சாலையில் ஓட்டுபவருக்கு 1,071 லிட்டர் 789 ஆகும். மிச்சம் 282 லிட்டர். வண்டியும் ஒன்று, தூரமும் ஒன்று. மிச்சத்தில் மட்டும் நான்கு மடங்கு வித்தியாசம்.

மாறுவதற்குக் கையிலிருந்து போகும் பணத்தையும் லிட்டராக்குங்கள். கேம்ரியின் விலையோடு பதிவு, பெயர் மாற்றம், வரி எல்லாவற்றையும் கூட்டி, பழைய வண்டிக்கு உண்மையில் கிடைக்கும் தொகையைக் கழியுங்கள். வருவதை உங்கள் ஊர் பெட்ரோல் விலையால் வகுத்தால் போதும். விடை 9,000 லிட்டர் என்று வந்தால் நகரத்துக்காரருக்கு அதை எடுக்க 8 வருடம். நெடுஞ்சாலைக்காரருக்கு 32 வருடம். அதற்குள் இரண்டு வண்டியும் இரும்புக் கடைக்குப் போயிருக்கும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதுதான்.

இந்தக் கணக்கில் இரண்டு திருத்தம் உண்டு. பழைய வண்டி உயர் ஆக்டேன் பெட்ரோல் கேட்கிறது, அது சாதாரணத்தைவிடப் பத்து சதவீதம் விலை கூட என்றால், அதன் லிட்டர் கணக்கை 1.1-ஆல் பெருக்குங்கள். நகரத்துக்காரரின் 1,875 அப்போது 2,062 ஆகும், மிச்சம் 1,300-ஐத் தாண்டும். கேம்ரிக்குச் சாதாரண பெட்ரோலே போதும். இரண்டாவது, தேய்மானம். சொகுசு செடான் விழ வேண்டிய விலை பெரும்பாலும் முதல் சில வருடங்களிலேயே விழுந்துவிடுகிறது. போன பணம் போனதுதான், அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பத்து வயது இ-கிளாஸ் அடுத்த மூன்று வருடத்தில் இழக்கப்போவது கொஞ்சம். ஷோரூமிலிருந்து புதிதாக எடுக்கும் எந்த வண்டியும் அதே மூன்று வருடத்தில் இழப்பது அதிகம். மூன்று, நான்கு வயதான கேம்ரியைப் பார்க்கச் சொல்வது இதனால்தான். பழைய வண்டியில் இன்னும் கடன் பாக்கி இருந்து, அது வண்டியின் விலையைவிட அதிகம் என்றால் இந்தப் பேச்சை இப்போதைக்கு நிறுத்திவிடலாம்.

பழைய வண்டியில் என்ன காத்திருக்கிறது

யானையைக் கட்டித் தீனி போடும் செலவில் பெட்ரோல் ஒரு பகுதிதான். பெரிய பில் வேறு இடங்களிலிருந்து வரும், பெரும்பாலும் எட்டாவது வயதுக்கு மேல், ஒன்றன்பின் ஒன்றாக.

இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பலூனில் நிற்கும் ஏர் சஸ்பென்ஷன் இருக்கும் வண்டியில் முதலில் அதைப் பாருங்கள். ஏர் ஸ்பிரிங்கின் ரப்பர் பலூன் மடிப்பில் வெடிப்பு விடும், காற்று மெதுவாகக் கசியும். அந்தக் கசிவை ஈடுகட்ட கம்ப்ரஸர் அதிக நேரம் ஓடும். சூடேறி, ரிலே ஒட்டிக்கொண்டு, கடைசியில் கம்ப்ரஸரே எரிந்துபோகும். ஒரு பலூனோடு போயிருக்க வேண்டிய செலவு இப்படித்தான் இரட்டிப்பாகிறது. சோதிக்க மெக்கானிக்கே வேண்டாம். சமதளத்தில் நிறுத்தி, நான்கு சக்கரத்திலும் நடு மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இரவில் டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். காலையில் கதவைத் திறக்காமல், வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் மறுபடி அளங்கள். கதவைத் திறந்தாலே சில வண்டிகளில் சிஸ்டம் விழித்து உயரத்தைச் சரிசெய்துவிடும், அளவு பொய்யாகிவிடும். ஒரு மூலை மட்டும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இறங்கியிருந்தால் அங்கே கசிவு. மடிப்பில் சோப்பு நீர் தெளித்தால் குமிழி காட்டிக்கொடுக்கும்.

பிஎம்டபிள்யூவின் ஆறு சிலிண்டர் என்52, என்54, என்55 எஞ்சின்களில் ஆயில் ஃபில்டர் ஹவுசிங் கேஸ்கட் என்று ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. சூட்டில் இறுகி, ஆயிலைக் கசியவிடும். கசிந்த ஆயில் நேராகக் கீழே ஓடும் பெல்ட்டில் விழும். ஆயிலில் ஊறிய பெல்ட் நழுவி, கிழிந்து, கிழிந்த நார் கிராங்க் சீல் வழியாக எஞ்சினுக்குள்ளேயே இழுக்கப்பட்டதும் உண்டு. வளையத்தின் விலை ஒன்றுமேயில்லை. கவனிக்காமல் விட்டால் எஞ்சினைப் பிரிக்க வேண்டியிருக்கும். பானெட்டைத் திறந்து ஹவுசிங்குக்குக் கீழே டார்ச் அடித்துப் பாருங்கள். ஈரமும் அழுக்கும் சேர்ந்த கறுப்புப் பூச்சு தெரிந்தால் இந்த மாதமே மாற்றிவிடுங்கள், வண்டியை விற்கப்போவதாக இருந்தாலும் சரி.

எஞ்சின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கும் டைமிங் செயின் அடுத்தது. பிஎம்டபிள்யூவின் என்47 டீசல் எஞ்சினில் செயின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. அதை மாற்ற எஞ்சினையோ கியர்பாக்ஸையோ இறக்கியாக வேண்டும். பார்ட்ஸைவிடக் கூலி அதிகம். என்20 பெட்ரோலின் ஆரம்ப வருடங்களில் செயினைத் தாங்கும் பிளாஸ்டிக் கைடு உடைந்து, துண்டுகள் ஆயில் சம்ப்பில் கிடக்கும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் கரகரவென்று உரசும் சத்தம், அல்லது ஆக்ஸிலரேட்டரோடு ஏறி இறங்கும் ஊளைச் சத்தம் கேட்டால் முடிவைத் தள்ளிப்போடாதீர்கள்.

இசட்எஃப் எட்டு கியர் ஆட்டோமேடிக்கை ‘ஆயுள் முழுவதும் ஆயில் மாற்ற வேண்டாம்’ என்று சொல்லித்தான் விற்றார்கள். கியர்பாக்ஸைத் தயாரித்த இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 வருடத்துக்குள் மாற்றச் சொல்கிறது. இதில் ஃபில்டரும் அடிச்சட்டியும் ஒரே பிளாஸ்டிக் துண்டு, இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஆயில் மட்டத்தை எஞ்சின் ஓடும்போது, ஆயில் வெப்பம் 30-க்கும் 50 டிகிரிக்கும் இடையில் இருக்கும்போதுதான் பார்க்க முடியும். ஸ்கேனர் இல்லாமல் கண்ணளவில் ஊற்றும் கடைக்குப் போனால் குறைவாகத்தான் நிற்கும். கியர் உதறல் அதன் பிறகுதான் ஆரம்பிக்கும், பழி கியர்பாக்ஸ்மீது விழும்.

எலெக்ட்ரிக் வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், சஸ்பென்ஷன் ஆர்ம் புஷ், ரன்ஃபிளாட் டயர் எல்லாம் வந்துகொண்டே இருக்கும் செலவு. அதிர்ச்சி தரும் செலவல்ல.

இவை அனைத்துக்கும் கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஒரு மதிப்பீடு, அந்த பிராண்டை மட்டும் பார்க்கும் தனி மெக்கானிக்கிடம் ஒரு மதிப்பீடு, இரண்டும் எழுத்தில் வாங்குங்கள். இரண்டுக்கும் இருக்கும் இடைவெளியே பல பேரின் முடிவை மாற்றிவிடும். வரும் தொகையை லிட்டராக்கி மேலே போட்ட கணக்கோடு சேருங்கள். வேலை எல்லாம் சேர்த்தும் 2,000 லிட்டர் என்றால், செய்துவிட்டு வண்டியை வைத்துக்கொள்வதே லாபம். செயினும் ஏர் சஸ்பென்ஷனும் ஒன்றாக வந்து 6,000 லிட்டரைத் தாண்டினால் கேம்ரி பக்கம் தராசு சாய்ந்துவிட்டது.

இனி கேம்ரி

2.5 லிட்டர் நான்கு சிலிண்டர் எஞ்சின், இரண்டு எலெக்ட்ரிக் மோட்டார், மொத்தம் 208 குதிரைசக்தி. சிக்கனத்தின் ரகசியம் கியர்பாக்ஸில் இருக்கிறது. சொல்லப்போனால், வழக்கமான கியர்பாக்ஸ் இல்லை என்பதில். ஒரு கோள் பற்சக்கரத் தொகுதி எஞ்சினையும் இரண்டு மோட்டாரையும் இணைக்கிறது. கிளட்ச் பேக் கிடையாது, டார்க் கன்வர்ட்டர் கிடையாது. தனி ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது, ஆல்டர்னேட்டர் கிடையாது, அவற்றைச் சுழற்றும் பெல்ட்டும் கிடையாது. வாட்டர் பம்ப்பும் ஏசி கம்ப்ரஸரும் மின்சாரத்தில் ஓடுகின்றன. சொகுசு செடானில் காசு தின்னும் பாகங்களில் பாதி இதில் பொருத்தப்படவே இல்லை. பராமரிப்பு குறைவாக இருக்க அதுதான் காரணம்.

ஏசி மின்சாரத்தில் ஓடுவதன் அருமை சிக்னலில் தெரியும். வழக்கமான எஞ்சின் ஏசியோடு சும்மா நின்றால் மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் போகும். இங்கே எஞ்சின் அணைந்திருக்கும், குளிர் குறையாது. பேட்டரி இறங்கும்போது எஞ்சின் சில நிமிடம் ஓடி ஏற்றிவிட்டு மறுபடி அடங்கும்.

வேரியன்ட்டில் கவனம் வேண்டும். அமெரிக்க அரசுச் சோதனையில் 16 இன்ச் சக்கரம் கொண்ட எல்இ வேரியன்ட் 52 எம்பிஜி (ஒரு கேலனுக்கு இத்தனை மைல்), அதாவது லிட்டருக்கு 22 கிலோமீட்டர் கொடுத்தது. 18 இன்ச் சக்கரமும் கூடுதல் வசதிகளும் கொண்ட எக்ஸ்எல்இ 46 எம்பிஜி, அதாவது 19.5. எஞ்சின் ஒன்றேதான். சிக்கனத்துக்காக வாங்குபவர் பெரிய சக்கரத்தைத் தேடிப் பிடிப்பதில் அர்த்தமில்லை. சின்ன சக்கரத்தில் டயரும் மலிவு, மேடுபள்ளத்தில் குலுக்கலும் குறைவு.

தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓட்டி நிறுத்துபவருக்கு இந்த மைலேஜ் வராது. குளிர்ந்த எஞ்சினைச் சூடாக்க வண்டி எப்படியும் அதை ஓட்டும். சூடாகும்போது நீங்கள் வீடு சேர்ந்திருப்பீர்கள்.

5 சீரிஸிலிருந்து இறங்கி இதில் ஏறினால் குறை தெரியும், மறைக்க ஒன்றுமில்லை. ஆக்ஸிலரேட்டரை ஆழமாக அழுத்தினால் எஞ்சின் சட்டென்று உச்ச சுழற்சிக்குப் போய் அங்கேயே நின்று கத்தும், வேகம் பின்னாலிருந்து வந்து சேரும். மேடு ஏறும்போதும் ஓவர்டேக் செய்யும்போதும் இது உறுத்தும். மணிக்கு 100-ல் டயர் சத்தம் உள்ளே வருகிறது. பிரேக் அழுத்தினால் பெரும்பாலும் மோட்டாரே வேகத்தைக் குறைக்கிறது. அது விட்டு டிஸ்க் பிடிக்கும் இடத்தில், கடைசி சில மீட்டரில், பெடல் ஒரு மெல்லிய படி இறங்குவதுபோல் இருக்கும். ஒரு வாரத்தில் கால் பழகிவிடும். மற்றபடி சீட், பின்பக்க இடம், டிக்கி எதிலும் புகார் சொல்ல முடியாது. பேட்டரி பின் சீட்டுக்கு அடியில் போய்விட்டதால் டிக்கி சாதாரண கேம்ரியின் அளவே இருக்கிறது. நெரிசலில் ஊர்ந்து செல்லும் மென்மையில் எந்த ஜெர்மன் டர்போவும் இதற்குப் பக்கத்தில் நிற்காது.

பழைய ஹைப்ரிட் வாங்கும்போது

எல்லோரும் பயப்படுவது பெரிய பேட்டரியைப் பார்த்து. அதைக் கெடுப்பது பெரும்பாலும் தூசிதான். பின் சீட்டின் அடிப்பக்கத்தில் ஒரு காற்றுத் துவாரம் இருக்கிறது. கேபினின் குளிர்ந்த காற்றை இழுத்துத்தான் பேட்டரி தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. அந்த ஃபில்டரில் தூசியும் நாய் முடியும் அடைத்தால், அல்லது துவாரத்தை மறைத்துப் பை வைத்தால், செல்கள் சூட்டில் தேயும். வாங்கும் முன் அந்த மூடியைக் கழற்றிப் பாருங்கள். ஃபில்டர் சாம்பல் நிறக் கம்பளிபோல் இருந்தால் விலை பேசுவதற்கு அது நல்ல ஆதாரம். வாங்கிய பிறகு வருடம் ஒருமுறை சுத்தம் செய்தால் போதும்.

வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி கருவியோடு, ஹைப்ரிட் பேட்டரியைச் சோதிக்கும் டாக்டர் பிரியஸ் செயலியை இணைத்து, ஓட்டும்போது பேட்டரி பிளாக்குகளின் வோல்ட்டேஜைப் பாருங்கள். எல்லாம் சேர்ந்து ஏறி இறங்க வேண்டும். ஒன்று மட்டும் தனியாகச் சரிந்தால் அந்த வண்டி வேண்டாம். பேட்டரி வாரன்ட்டி நாட்டுக்கு நாடு வேறுபடும். அமெரிக்காவில் 2020 மாடலிலிருந்து 10 வருடம் அல்லது 1,50,000 மைல்; மற்ற இடங்களில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பிரேக் பேட் தேயாமல் ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டுவது சகஜம். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. டிஸ்க் பிரேக்குக்கு வேலையே இல்லாததால் காலிப்பர் பின் இறுகி ஒட்டிக்கொள்ளும். பேட் புதிதாக இருக்கிறதே என்று விட்டுவிடாமல் வருடம் ஒருமுறை கழற்றி கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள். பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வர்ட்டருக்குத் தனிக் கூலன்ட் தொட்டி இருக்கிறது. எஞ்சின் கூலன்ட்டை மட்டும் பார்த்துவிட்டு இதை மறக்கும் மெக்கானிக்குகள் அதிகம். எஞ்சின் ஆயில் 0டபிள்யூ-16, நாலரை லிட்டர் போதும். என்55 எஞ்சினுக்கு ஆறரை லிட்டர் வேண்டும். வாரக்கணக்கில் நிறுத்திவைத்தால் சின்ன 12 வோல்ட் பேட்டரி இறங்கி வண்டி ‘ரெடி’ நிலைக்கே, அதாவது ஓடத் தயாரான நிலைக்கே, வராது. பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் பிரயோசனமில்லை. வழியில் நின்றுவிட்டால் முன் சக்கரம் தரையில் உருளும்படி கட்டி இழுக்க விடாதீர்கள், மோட்டார் சுற்றி மின்சாரம் உண்டாக்கும்.

இன்னும் மலிவாகப் போகலாமே என்று 2010 முதல் 2015 வரை வந்த டொயோட்டா பிரியஸ் ஹைப்ரிட்டைத் தேடுபவர்கள் நிதானிக்கவும். அந்த 1.8 லிட்டர் எஞ்சினில், எஞ்சினுக்குத் திருப்பி அனுப்பும் புகையைக் குளிர்விக்கும் இஜிஆர் கூலர் கரி அடைத்து, ஹெட் கேஸ்கட் போவது பலரும் அறிந்த கோளாறு. கூலர் சுத்தம் செய்த பில் இல்லாமல் வாங்க வேண்டாம்.

சொகுசும் விடக்கூடாது, பில்லும் குறைய வேண்டும் என்பவருக்கு லெக்ஸஸ் இஎஸ் 300ஹெச் இருக்கிறது. அதே எஞ்சின், அதே மோட்டார், சத்தத் தடுப்பு நிறைய. அமெரிக்கச் சோதனையில் 44 எம்பிஜி, லிட்டருக்குக் கிட்டத்தட்ட 18.7 கிலோமீட்டர். விலை கூட என்றாலும் இ-கிளாஸ்காரருக்குக் கேம்ரியைவிட இதுவே நீண்ட நாள் பிடிக்கும் என்பது எங்கள் எண்ணம். ஓட்டுவதில் ஆசை உள்ளவர் ஹோண்டா அக்கார்ட் ஹைப்ரிட்டை ஓட்டிப் பார்க்கலாம். ஒரேயடியாகச் சின்ன ஹேட்ச்பேக்குக்குக் குதிப்பவர்களைப் பற்றித்தான் தயக்கம். 20 கொடுக்கும் செடானிலிருந்து 25 கொடுக்கும் ஹேட்ச்பேக்குக்குப் போனால் கிடைப்பது மேலே சொன்ன 100 லிட்டர்தான். பிடிக்காமல் ஒரு வருடத்தில் மறுபடி மாற்றினால் இரண்டு முறை தேய்மானம், இரண்டு முறை பதிவுச் செலவு.

மாறுவது என்று முடிவானால் விற்பதையும் வாங்குவதையும் தனித்தனியாகப் பேசுங்கள். ஷோரூமில் ‘எக்ஸ்சேஞ்ச் போனஸ்’ என்று சேர்த்துப் பேசும்போது, பழைய வண்டிக்கு ஏற்றிக் காட்டிய தொகை புது வண்டியின் தள்ளுபடியில் குறைந்திருக்கும். பழையதைக் கொடுக்காவிட்டால் புதியது என்ன விலை, புதியதை வாங்காவிட்டால் பழையதற்கு என்ன தருவீர்கள் என்று இரண்டு காகிதத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சர்வீஸ் பில்கள், இரண்டாவது சாவி, டூல் கிட் எல்லாம் ஒரு கவரில் இருக்கட்டும். சொகுசு வண்டி வாங்குபவர் தேடுவது இதைத்தான். டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிய ஆரம்பித்த பிறகு விற்கப் போனால் வாங்குபவர் பழுதின் உண்மைச் செலவைவிட அதிகம் கழிப்பார். விளக்கு வருவதற்கு முன், டயரில் பட்டன் இருக்கும்போதே விற்றுவிடுங்கள்.